கைதவிளை மாளிகையின் அடுக்களைக் கிணறு

ஆதாரம் எழுதுவதில் எனக்குப் பிழை வராது. பத்திரத்தை எங்கள் பக்கத்தில் ஆதாரம் என்போம். முப்பத்திரண்டு வருடம் அதுதான் என் தொழில். கிழக்கே யாருடைய விளை, மேற்கே எந்த இடவழி, தெற்கு எல்லையில் நிற்கிற பலா யாருக்குச் சேர்ந்தது, எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்துத்தான் எழுதுவேன். எல்லை தப்பி என் ஆதாரம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதனால் நான் சொல்வதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். மலையாளத்திலும் சொல்ல முடியும். ஆனால் என் புத்தகம் தமிழில் எழுதியது. சாருக்குத் தமிழ் நன்றாகப் புரியும் என்று வெளியே நின்ற போலீஸ்காரர் சொன்னார். தமிழிலேயே சொல்கிறேன்.

பெயர் விஜயதாஸ். வயது அறுபத்தாறு. செங்கலுக்கும் பாறசாலைக்கும் நடுவில் கைதவிளையில் வீடு. மனைவி பிரேமகுமாரி. பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஒரு இடவழி. அதைத் தாண்டினால் கைதவிளை மாளிகை.

அந்த மாளிகையின் உண்மையான வரலாற்றை என்னைப்போல் அறிந்தவர் வேறு யாரும் இல்லை. கொல்லம் ஆண்டு 1096-ல், அதாவது 1921-ல், கலால் இலாகாவில் பெரிய உத்தியோகத்தில் இருந்த ஒருவர் கட்டியது. பதினான்கு அறை, இரண்டு நடுமுற்றம், தேக்கு மச்சு. பிள்ளைகள் மலேயாவுக்குப் போனார்கள், பேரப்பிள்ளைகள் அங்கிருந்து வேறு எங்கெங்கோ போனார்கள். நான்கு பாகப்பிரிவினை ஆதாரம் உண்டு. கடைசி இரண்டையும் நான்தான் எழுதினேன். வாரிசுகள், அவகாசிகள் என்போம், ஒன்பது பேர். ஒருவருக்கும் இங்கே வர நேரமில்லை என்பதால் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனார்கள். முன்வாசலுக்குத்தான் பூட்டு. பின்பக்கம் அடுக்களைக் கதவு செல்லரித்து விழுந்து வெகு நாளாயிற்று.

ஆதாரங்களை எத்தனை முறை படித்தாலும் அந்த வீட்டில் ஏதாவது நடந்ததாகத் தெரியவில்லை. கட்டியவர் எண்பத்தொரு வயதில் தூக்கத்தில் இறந்தார். அவர் மனைவி ஆறு வருடம் கழித்து மஞ்சள் காமாலையில் இறந்தார். அவ்வளவு பெரிய வீட்டில் ஒருவர் தூக்கு மாட்டிக்கொள்ளக்கூட இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவே பட்டது.

ஆதாரம் எழுத்தெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகு, 2012-ல், தொழிலை விட்டேன். மாளிகையைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுத உட்கார்ந்தேன். பதினேழு பக்கத்தில் உண்மை தீர்ந்துவிட்டது. நாகர்கோவிலில் அச்சகம் வைத்திருந்தவர், நாற்பது பக்கமாவது இருந்தால்தான் புத்தகம் புத்தகமாக நிற்கும் என்றார். ஒரு பழைய ஆதாரத்தில், 'அடுக்களையோடு சேர்ந்த கல்கட்டுக் கிணறு ஒன்று' என்று ஒரு வரி உண்டு. அந்த வரியிலிருந்து வள்ளியம்மையை உண்டாக்கினேன்.

பாலராமபுரத்திலிருந்து கல்யாணப் புடவை நெய்து கொண்டுவந்த பெண். வீட்டுக்காரரின் தகாத காரியம் ஒன்று அவள் கண்ணில் பட்டுவிட்டது. கிணற்றில் தள்ளிவிட்டார்கள். மூன்று நாள் அழுதாள். ஊர் முழுக்கக் கேட்டது. பெரிய வீடு என்பதால் யாரும் போகவில்லை. மூன்றாம் நாள் சத்தம் நின்றது. அதன் பிறகு எத்தனையோ வருடத்துக்கு ஒருமுறை அந்த அழுகை திரும்பக் கேட்கும், மூன்று நாள் கேட்கும், அந்த நாட்களில் யாரும் கிணற்றருகே போகக் கூடாது. இதுதான் நான் எழுதியது. போகக் கூடாது என்பதை ஏன் சேர்த்தேன் என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. அந்தப் பத்தியை எப்படியாவது முடிக்க வேண்டியிருந்தது.

ஊர் அதை எடுத்துக்கொண்டது. ஒரு வருடத்துக்குள் தறிச் சத்தம் கேட்டவர்கள் வந்துவிட்டார்கள். கஞ்சிப்பசை வாசம் அடித்தது என்றார் ஒருவர். ஆரியங்கோட்டிலிருந்து வந்த ஒரு அம்மாள், தன் பாட்டியின் தங்கைக்கு வள்ளியம்மையை நேரில் தெரியும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் மறுக்கவில்லை. வயதானவர்களை மறுத்துப் பேசும் வழக்கம் எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சாவியோடு போய்த் திறந்து காட்டுவேன். கைப்பிடிச் சுவர் இல்லாமல் தரையோடு தரையாக இருந்த கிணற்றின் மேல் ஒரு கருங்கல் பலகை கிடந்தது. வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் நான்கு பேர் சேர்ந்து கல்லை நகர்த்த வேண்டியிருந்தது. அதை எடுத்துவிட்டு ஒரு தகரத்தைப் போட்டேன். இந்த விஷயத்தில் என் தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்வேன்.

ஜேனட்டைப் பற்றிக் கேட்டீர்கள். பொழியூர்க் கடற்கரைக்காரி. வயது ஐம்பதுக்கு மேல். கணவன் இல்லை. ஒரே மகன் சிபின், மங்களூர்ப் பக்கம் ஆழ்கடல் மீன்பிடி போட்டில் வேலை. போனால் இருபது நாள், இருபத்தைந்து நாள். அவள் அலுமினியச் சருவத்தில் மீன் சுமந்து பஸ்ஸில் வந்து, எங்கள் பக்கத்து வீடுகளில் நடந்து விற்பாள். பதினோரு வருடமாக எங்கள் வீட்டுக்கு அவள்தான் மீன். நல்ல மீன்தான் தருவாள். அதை நான் சொல்லியே ஆக வேண்டும்.

வந்த புதிதில் ஒருநாள், எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து பிரேமகுமாரிக்குச் சாளை சுத்தம் செய்துகொண்டிருந்தாள். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்களுக்கு வள்ளியம்மையின் கதையைச் சொன்னேன். அந்த வீட்டுப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவர்கள் போன பிறகு ஜேனட் செதிலைச் சுரண்டிக்கொண்டே, தலை நிமிராமல் பேசினாள்.

"சாறே, கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா அவளுக்க பேரு சொல்லும்ப மட்டும் நீங்க மேல கூரையப் பாக்குதிய. மத்ததெல்லாம் ஆளுக்க மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லுதிய."

அவள் சிரித்தாள். யாரிடமும் சொல்ல மாட்டேன், பேய் வந்து மீன் வாங்கப்போவதில்லை, எனக்கென்ன என்றாள். சொல்லவும் இல்லை, அந்த விஷயத்தில் நாணயமானவள். ஆனால் அதற்குப் பிறகு தினமும் எங்கள் கேட்டில் வந்து நின்று, இன்றைக்கு என்ன மீன் என்று சொன்னதும், "வள்ளியம்மைக்கு சுகந்தானா சாறே" என்று கேட்பாள். பதினோரு வருடம் கேட்டாள். நான் அதை வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவள் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது.

ஊரில் யாரும் மாளிகையைச் சுற்றிய பறம்பு வழியாகப் போக மாட்டார்கள். அவள் மட்டும் போவாள். பஸ் நிறுத்தத்துக்கு அது குறுக்கு வழி. போகிற வழியில் அடுக்களையில் சருவத்தை இறக்கிவைத்து, ஐந்து நிமிடம் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டுப் போவாள். மழை பெய்தால் கூடுதல் நேரம் இருப்பாள்.

இந்த வருடம் ஐப்பசியில், திருவனந்தபுரத்தில் இருக்கிற ஒரு வரலாற்று ஆர்வலர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமை நாற்பது பேர் மாளிகையைப் பார்க்க வருகிறார்கள், நான் பேச வேண்டும். சந்தோஷமாக இருந்தது. அதோடு இன்னொரு கடிதமும் இருந்தது. அவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். வள்ளியம்மை என்ற பெயர் எந்த ஆவணத்திலும் இல்லையே, தங்கள் ஆதாரம் என்ன என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். முப்பத்திரண்டு வருடம் ஆதாரம் எழுதியவனிடம் ஆதாரம் எங்கே என்று கேட்கிறார். மூன்று நாள் எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சத்தம் கேட்டது. மழை விட்டிருந்தது. மாளிகைக்குள்ளிருந்து, ஜன்னல் எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் வருவதுபோல நீளமாக ஒரு குரல். கிணறு வீட்டுக்குள்ளேயே இருப்பதால் அப்படித்தான் கேட்கும். நின்று நின்று வந்தது. பிரேமகுமாரி கையில் ஈரப் பாத்திரத்தோடு முற்றத்துக்கு வந்தாள்.

"அது ஆளாக்கும். ஏதோ பொம்பளைக்க சத்தமாக்கும்" என்றாள்.

என் புத்தகத்தில் இருபத்துமூன்றாம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். அவள் பார்க்கவில்லை, அவளுக்கு அது மனப்பாடம். கிழக்கு ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு, விளக்கேற்றி நாமம் ஜபிக்க உட்கார்ந்தாள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கைதவிளையில் அன்று அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களில், பேய் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் பயந்தார்கள், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. எனக்குப் பயம் இல்லை. பேய் இல்லையென்றால் உள்ளே ஒரு ஆள் இருக்க வேண்டும் என்பதும் எனக்கு உடனே புரிந்தது. நான் ஏமாந்துவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள்.

வியாழக்கிழமை மாளிகைக் கேட்டுக்கு வெளியே ஐம்பது அறுபது பேர் கூடிவிட்டார்கள். சந்திப்பில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிற தீபு கேமராவோடு வந்தான். அவனுக்கு ஒரு வீடியோ சேனல் உண்டு. உள்ளே போக அவனுக்கும் தைரியம் இல்லை. நீளக் கம்பில் மைக்கைக் கட்டி ஜன்னல் வரைக்கும் நீட்டிப் பதிவு செய்தான். என்னையும் பேசச் சொன்னான். கூட்டம் அமைதியாகக் கேட்டது. பின்னால் அந்தச் சத்தமும் இருந்ததால், நான் பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கிணறு வெட்டுகிற பொன்னப்பன் மட்டும் தோளில் வடத்தோடு வந்திருந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"சாறே, நான் எத்தனையோ கிணத்துல எறங்கினவனாக்கும். உள்ள ஆளு கிடந்து கூப்பிட்டா இப்பிடித்தான் கேக்கும். நீங்க ஒரு வாக்கு சொல்லுங்க, ஒருக்கா எறங்கிப் பாத்துட்டு வாறேன்."

அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அது எனக்குத் தெரியும். முன்பு ஒருமுறை, 1964-ல், இதேபோல் சத்தம் கேட்டபோது ஒரு கிணறு வெட்டுக்காரன் இறங்கினான் என்று அவனிடம் சொன்னேன். ஏறி வந்தான், குளித்தான், சாப்பிட்டான், நாலாம் நாள் வீட்டில் கல்யாணத்துக்கு நின்ற பெண் ரத்தம் கக்கி விழுந்தாள். இது எழுத்தில் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன் என்றேன். எழுத்தில் இருக்கிறது என்று நான் சொன்னால் எங்கள் ஊரில் மறுபேச்சு கிடையாது. பொன்னப்பன் கேட்டை ஒருமுறை பார்த்தான். பிறகு வடத்தைச் சுருட்டிக்கொண்டு போனான். அவனைக் கேட்டால், சார் தடுத்தார் என்று சொல்லுவான். சரிதான். தடுத்தேன்.

அன்று மதியம் பிரேமகுமாரி, "ஜேனட்டு ரெண்டு நாளா வரல்லியே" என்றாள். கடல் இளகிக் கிடக்கிறது, மீன் கிடைத்திருக்காது என்றேன். பொழியூரில், அவள் மகள் முறையான யாரோ ஒருத்தியின் பிரசவத்துக்குப் போயிருப்பாள் என்று நினைத்திருக்கிறார்கள். தனியாக இருக்கிறவர்களை யாரும் உடனே தேடுவதில்லை.

வெள்ளிக்கிழமை காலையும் கேட்டது, மெலிவாக. மதியத்துக்கு முன்பே நின்றுவிட்டது. சரியாக மூன்றாம் நாள். ஊரில் புத்தகம் வைத்திருந்தவர்கள் எடுத்துப் படித்தார்கள். வைத்திருக்காதவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். தீபுவின் வீடியோவை அதற்குள் லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கத்துக்காரர்கள் பஸ்ஸில் வந்தார்கள். முப்பத்தெட்டுப் பேர். எல்லா அறையும் காட்டி, கடைசியில் அடுக்களைக்குக் கூட்டிப்போனேன். கிணற்றைச் சுற்றி நின்றார்கள். தகரத்தைத் திறக்க வேண்டாம், சத்தம் நின்று ஒருநாள்தான் ஆகிறது என்றேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நாற்பது நிமிடம் பேசினேன். முதலில் எனக்குக் கொஞ்சம் கவலை இருந்தது. பத்து நிமிடத்தில் அது போய்விட்டது. ஒரு பெண்மணி மீன் வாடை அடிக்கிறதே என்றார். கடல் பக்கத்தில்தான், காற்று இந்தப் பக்கம் திரும்பினால் அடிக்கும் என்றேன். பேராசிரியர் வீடியோவைப் பார்த்திருந்தார். பேசி முடித்ததும் என் இரண்டு கையையும் பிடித்து, அப்படி ஒரு கடிதம் எழுதியதற்கு வருத்தம் தெரிவித்தார். சில விஷயங்கள் ஆவணத்துக்கு அப்பால் இருக்கின்றன என்று பார்வையாளர் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த நோட்டு உங்கள் மேஜை மேல்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை உச்சிக்கு ஒரு பையோடு சிபின் எங்கள் வீட்டுக்கு வந்தான். அவனை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மாவின் நெற்றி அப்படியே இருந்தது. போட் கரையை நெருங்கி, போனில் சிக்னல் வந்ததும் கூட வேலை செய்கிறவர்கள், உன் ஊர்ப் பக்கத்துப் பேய் என்று சொல்லி அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். அவன் அங்கிருந்தே ரயில் ஏறிவிட்டான். வீடியோவில் பேசியது நான் என்பதால் நேராக என்னிடம் வந்திருந்தான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. போனை என் காதுக்குப் பக்கத்தில் வைத்து மூன்று முறை ஓட்டினான். எல்லோருக்கும் அது நீளமான ஒரு ஊளை. அதன் நடுவில் ஒரு சொல் இருந்தது. அவன் காட்டிய பிறகு எனக்கும் தெளிவாகக் கேட்டது.

"இது பேயில்ல சாறே. எனக்க அம்மையாக்கும். எனக்க பேரைக் கூப்பிடுதா."

கடலில் தூக்கமில்லாமல் கிடந்து வந்திருக்கிறாய், காதுக்கு அப்படித் தோன்றும் என்று ஆறுதல் சொன்னேன். அவன் என்னோடு வாதாடவில்லை. பொன்னப்பனின் வீடு எது என்று மட்டும் கேட்டான். பிரேமகுமாரி கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, நானே காட்டித் தருகிறேன் மக்கா என்று அவனோடு இறங்கிப் போனாள். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து இன்று வரை கேட்கவில்லை.

பொன்னப்பன்தான் இறங்கினான். முழங்கால் அளவு தண்ணீர். ஜேனட் உயிரில்லாமல் கிடந்தாள், வலது கால் தொடையில் ஒடிந்திருந்தது. அவன் மேலே ஏறி வந்து சிபினைக் கட்டிக்கொண்டு நின்றதையும் பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்தான். எனக்கு எதிரே யாரும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் சற்றுத் தள்ளி நின்றார்கள்.

இப்போது நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற விஷயத்துக்கு வருகிறேன். தகரம் துருப்பிடித்து ஒரு பக்கம் இற்றுப்போய், அவள் மிதித்ததும் சரிந்திருக்கிறது, அவள் உள்ளே விழுந்திருக்கிறாள். அப்படியானால் தகரம் சரிந்துதான் கிடந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை பொன்னப்பன் பார்க்கும்போது அது நேராக மூடியிருந்தது. மேலே ஒரு அம்மிக்கல்லும் இருந்தது. கிணற்றுக்குள் கிடக்கிறவள் அதைச் செய்ய முடியாது என்கிறீர்கள். நியாயமான கேள்வி.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, பின்பக்கமாக, நான்தான் போனேன். அடுக்களை மூலையில் சருவம் இருந்தது. மிச்ச மீன் கெட்டுப் புழு வைத்திருந்தது. அதைக் கொண்டுபோய்ப் பறம்பின் மேற்கே கைதைப் புதருக்குள் தள்ளினேன். நீங்கள் ஆள் அனுப்பினால் எடுத்துவிடலாம். திரும்பி வந்து கிணற்றைப் பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் வெளிச்சம் விழுந்ததும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். யார் என்று தெரிந்தது.

"சாறே, வந்தியளா" என்றாள். "இனி எனக்குப் பயம் இல்ல."

குரல் கம்மிப்போயிருந்தது. நான் அவளிடம் பொறுமையாகவே பேசினேன். கால் ஒடிந்திருக்கிறது, கண்டபடி தூக்கக் கூடாது, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். அதுவரை கூப்பிட வேண்டாம், தொண்டை போய்விடும், பேசாமல் இரு என்றேன். சரி சாறே என்றாள். வள்ளியம்மையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மழை உள்ளே விழாமல் இருக்கட்டும் என்று சொல்லி, தகரத்தை நேராக இழுத்து மூடினேன். காற்றில் நகராமலிருக்க அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தேன். இந்த வயதில் அதைத் தனியாகத் தூக்கியதில் எனக்கே ஆச்சரியம். அதற்குப் பிறகு அவள் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

உயிர் போனது சனிக்கிழமை சாயங்காலம் என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். நான் வெள்ளிக்கிழமையே என்று நினைத்திருந்தேன். சனிக்கிழமை என்றால், பேச்சு நடக்கும்போது அவள் கீழே நினைவோடுதான் இருந்திருக்கிறாள். ஆட்களோடு வருவேன் என்று சொல்லியிருந்தேன். முப்பத்தெட்டுப் பேரோடு வந்தேன். என் குரல் அவளுக்குத் தெரியும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மேலே நின்றவர்களில் பாதிப் பேர் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிடமும் ஒரு சொல் விடாமல் கேட்டவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். அன்று நான் நன்றாகப் பேசினேன் சார்.